முப்பதுக்கு இருபத்திரண்டு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். அண்ணன் ஹாலில், வாசலைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி ஹாலின் நடுவில் சம்மணம் போட்டு, வரைபடத்தை எதிரே விரித்து, காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் மண்ணாங்கட்டி வைத்திருந்தான். அவன் மனைவி சமையலறையில், அடுப்பு வரப்போகிற இடத்துக்குப் பக்கத்தில். அவர்களுடைய மகள், எட்டு வயது, எல்லோருக்கும் பொடிசு, தன் அறையில் மல்லாந்து படுத்திருந்தாள். கேட்காமல் யாரும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். நான் ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையில் இருந்த சுவரின்மேல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி மட்டும் வீட்டுக்கு வெளியே, வரப்பில், மண்வெட்டியை மடியில் போட்டுக்கொண்டு.

சுவர் என்று நான் சொல்வது மூன்று விரல் அகலத்துக்குத் தூவிய சுண்ணாம்புக் கோடு. கோடு போடாமல் விட்ட இடமெல்லாம் கதவு. சோளம் அறுத்து ஒரு வாரம் ஆன வயல். தாள் குத்தும் என்று அறைக்கு அறை சாக்கு விரித்திருந்தோம். வெயில் இருந்தது, ஆனால் மேகம் போகிற வெயில். ஒரு மேகம் நிழலாக வந்து ஹாலைக் கடந்து, சமையலறைச் சுவரில் தட்டாமல் உள்ளே போய், பின்பக்கமாக வெளியேறியது. "வாங்க வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வந்த விருந்தாளி கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு பாரு" என்றார் அண்ணன்.

இந்த இடத்தில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலம் அரை ஏக்கர். நூற்று நாற்பத்தைந்து அடிக்கு நூற்றைம்பது. அப்பா அதை எங்கள் மூன்று பேர் பெயருக்கும் பிரிக்காமல் எழுதிவைத்துவிட்டுப் போனார். அண்ணன் காய்கறி லாரி ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் சாலையில். உழுவது, விதைப்பது, களை எடுப்பது எல்லாம் அண்ணி. பத்திரத்தில் அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. முறைக்கு அண்ணி, பேச்சுக்கு வாடி போடி. நான் பக்கத்து ஊரில் ஓர் அலுவலகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் என் பெயரே தபால்தான்.

தம்பி பெருநகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஐம்பது மாடிக் கட்டடங்களின் குழிக்குள் நாள் முழுவதும் தொங்குகிறான். இருப்பது எட்டாவது மாடியில் ஒரே அறை. போன வருடம் அங்கே போயிருந்தபோது தரையில் பதித்த கல்லை எண்ணிப் பார்த்தேன், பத்தடிக்கு ஒன்பதடி. அதில் கட்டில், அடுப்பு, அவன் மனைவியின் தையல் இயந்திரம். இயந்திரத்தின் மேசைக்கு அடியில்தான் பொடிசு தூங்குகிறாள். போன வருடம் வரை நேராகப் படுத்தாள். இப்போது வளர்ந்துவிட்டாள், முட்டியை மடக்கிக்கொள்கிறாள். "முழங்கால் வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட கூட்டிப் போனேங்க்கா. காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கன்னார். எங்கன்னு நான் கேக்கல" என்று அவன் மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அவன் கேட்டது சாலையோரத்தில் ஒரு வீட்டுக்கான இடம். முப்பதடிக்கு இருபத்திரண்டு. கணக்குப் போட்டால் நிலத்தில் முப்பத்து மூன்றில் ஒரு பங்குதான். இதில் என்ன யோசனை என்று யாருக்கும் தோன்றும். ஆனால் வயலுக்குத் தண்ணீர் நுழைவதும் அந்தச் சாலையோரத்தில்தான். வாய்க்கால் அங்கிருந்து நேராக உள்ளே வருகிறது. நடுவில் வீடு வந்தால் அதைச் சுற்றி வளைத்து விட வேண்டும். வளைத்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பின்பாதிக்குத் தண்ணீர் ஏறாது. அண்ணி இதை ஒரே ஒரு தடவை சொன்னாள். திருப்பிச் சொல்லவில்லை. நிலம் அவள் பெயரில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அனுமதிக்கு விண்ணப்பிக்க மற்ற இரண்டு பங்காளிகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அண்ணன் கையைக் கழுவிவிட்டார். "எனக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி. தபாலு, நீ என்ன எழுதுறியோ அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டுடறேன்." ஆக, முடிவு என் பேனாவில் வந்து நின்றது. நான் பதினைந்து நாள் எழுதாமல் இருந்தேன். தம்பிதான் சுண்ணாம்பு யோசனையைச் சொன்னான். "பேப்பர்ல பாத்தா வீடு தெரியாதுக்கா. தரையில போட்டுக் காட்டறேன். எல்லாரும் ஒரு நாள் குடியிருந்து பாருங்க. அப்புறம் எழுது."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியேறினோம்.

காலையில் அளந்தது தம்பியும் நானும். அப்பாவின் துணி டேப்தான். அதன் முதல் ஓரடி எந்தக் காலத்திலோ நைந்து அறுந்துபோனது. டேப் ஒன்று என்ற எண்ணில்தான் தொடங்கும். அதனால் பத்தடி வேண்டுமென்றால் பதினொன்று வரை இழுக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுவோம். நான் தாளைப் பார்த்து அளவைச் சொல்லச் சொல்ல, அவன் இழுத்து முளை அடித்தான். அண்ணன் டப்பாவில் ஓட்டை போட்டுச் சுண்ணாம்பைத் தூவிக்கொண்டே வந்தார். முன்னால் ஹால், பக்கத்தில் குளியலறை. பின்னால் வரிசையாக மூன்று: சமையலறை, படுக்கையறை, பொடிசின் அறை.

கோடு முடிந்ததும் பொடிசு ஓடிப்போய்த் தன் அறையில் நின்று கத்தினாள். "அத்தை! என் ரூம்ல செடி இருக்கு!"

உண்மைதான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டிய அவரை வரிசையில் ஆறு செடிகள் அவள் அறைக்குள் நின்றன. "குடுத்துவச்சவடி நீ, படுத்துக்கிட்டே பறிச்சுத் திங்கலாம்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். அண்ணி சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் அது வீடாகிவிட்டது. எப்படி என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தம்பி மனைவி தண்ணீர்ச் செம்பை எடுக்க நேராக வராமல், கதவு வழியாகச் சுற்றி வந்தாள். அண்ணன் குளியலறைக் கோட்டுக்குள் தெரியாமல் கால் வைத்துவிட்டு "யாரும் இல்லையே?" என்று கேட்டார். நாங்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தோம். காற்றுகூட உள்ளே கொஞ்சம் மெதுவாக அடித்த மாதிரி இருந்தது. அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வயலிலிருந்து குறுக்கே வந்து சமையலறைச் சுவரைத் தாண்டியபோது பொடிசு பதறிப்போனாள்.

"பெரியம்மா! அது சுவரு!"

"அடியாத்தே" என்று அண்ணி ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். "அப்ப நான் உள்ளயா இருக்கேன், வெளியவா?"

"பாதி பாதி."

"அதான் எனக்கு எப்பவுமே" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தைக் கோட்டுக்கு மேலாக நீட்டிக் கொடுத்தாள். பிறகு சுற்றிப் போய் வாசல் வழியாக வந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி பேச ஆரம்பித்தான். அவன் வேலை பார்க்கிற ஒரு கட்டடத்தைப் பற்றி. "எண்ணூறு பேரு இருக்காங்க அண்ணி. நிலம் எவ்வளவுன்னு நினைக்கிறீங்க? இந்த வயல்ல பாதி. மனுஷனுக்கு இடம் பத்தலங்கறதெல்லாம் சும்மா. மேல அடுக்கிக்கிட்டே போகலாம். ஆகாசத்துக்கு யாரு வரப்பு போட்டா?"

அண்ணி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "அவங்க சாப்பிடறாங்களா?"

"சாப்பிடாம?"

"அப்ப அந்த வீடு அங்க முடியல, தம்பி."

அண்ணன் கையை உதறினார். "அத நான் சொல்றேன். அந்தக் கட்டடம் மாதிரி நூறு கட்டடத்துக்கு ராத்திரி பகலா மூட்டை ஏத்திட்டுப் போறது நான். ஒரு நாள் லாரி போகலன்னா எல்லாரும் லிஃப்ட்ல இறங்கி வந்து ரோட்டுல நிப்பாங்க."

பொடிசுக்கு இது பிடித்துப்போனது. "அப்ப எங்க வீடு எங்க முடியும் பெரியம்மா?"

அண்ணி கையைக் கழுவினாள். சுண்ணாம்பு டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். பாதிக்குக் கீழே இருந்தது. "வா, காட்டறேன்." டேப்பைத் தேடவில்லை. பின்சுவரிலிருந்து தொடங்கி, அடியோடு அடி ஒட்டி வைத்து நடந்தாள். நாற்பது அடிக்கொருதரம் திரும்பினாள். கோடு மெல்லியதாக அவள் பின்னால் வந்தது. "இது உனக்கு மட்டும் ஒரு வருஷத்துச் சோளம். உங்க வீடு மாதிரி ரெண்டு வீடு. இது உங்க அப்பாவுக்கு. அவன் கொஞ்சம் அதிகம் தின்பான்." அடுத்த கட்டம். "இது உங்க அம்மாவுக்கு. இது அவரை, இது கிழங்கு." நாங்கள் சாப்பாட்டுத் தட்டோடு கதவு வழியாக வெளியே வந்து, அவள் பின்னால் ஒரு கூட்டமாக நடந்தோம். பால் குடிப்பாயா என்று கேட்டாள். குடிப்பேன் என்றாள் பொடிசு. "அந்த மாட்டுக்குப் புல்லு" என்று இன்னொரு பெரிய கட்டம். அது வயலின் எல்லையைத் தொட்டது. "எண்ணெய்க்கு அந்தப் பக்கத்து நிலம். சர்க்கரைக்கு அதுக்கும் அந்தப் பக்கம்."

"என் சட்டைக்கு?"

"சட்டைக்கும்தான். பஞ்சு என்ன ஆகாசத்துலயா காய்க்குது?"

சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. அண்ணி வெறும் டப்பாவைக் கவிழ்த்தபடி வரப்புவரை நடந்துபோய், அங்கே நின்று, கையை மட்டும் நீட்டினாள். நிலம் தாழ்ந்து, தூரத்தில் நீலமாகி, வானத்தோடு ஒட்டிக்கொள்கிற இடம் வரை யாருடைய வயல்களோ கிடந்தன. அத்தனையும் இந்த மூன்று பேருடைய சமையலறையின் பின்பகுதி மாதிரியும், யாரோ இருட்டுவதற்குள் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனது மாதிரியும் எனக்குத் தோன்றியது. தம்பி மனைவி மெதுவாகச் சொன்னாள். "நாங்க இவ்வளவு பெரிய வீட்டுலயா இருக்கோம். தெரியாமப் போச்சே."

பிறகு வீட்டுக்குள் வந்து எல்லோரும் படுத்தோம். பகலில் தூங்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று கண்ணை மூடினேன். எனக்கும் இந்த நிலத்தில் ஓர் ஆசை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரே ஓர் அறை. ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஏதாவது பச்சையாக. ஒரு மேசை. படுத்துக்கொண்டே அந்த அறையை எங்கே வைக்கலாம் என்று வயல் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். எங்கே வைத்தாலும் கீழே ஏதோ முளைத்திருந்தது. கொஞ்சம் தள்ளுங்கள் என்று நான் சொல்ல, செடிகள் மரியாதையாகத் தள்ளி நின்றன. தள்ளி நின்ற இடத்தில் வேறு செடிகள் இருந்தன. அவை தங்களுக்குப் பின்னால் இருந்தவற்றைத் தள்ளின. அப்படியே வரிசையாக அந்த நீலம் வரை எல்லாம் நகர்ந்துகொண்டே போயின, சத்தமே இல்லாமல்.

அண்ணியின் குரலில் விழித்தேன். வரப்பில் நின்றிருந்தாள். "மணி நாலு. என் முறைத் தண்ணி வந்திருக்கு. இப்ப விட்டா இனிமே எட்டு நாள் கழிச்சுத்தான்." மண்வெட்டியால் ஹாலைக் காட்டினாள். "வீட்டுக்குள்ள வரும். திறக்கவா, வேண்டாமா?"

கேட்டது தம்பியை. அவன் எழுந்து உட்கார்ந்து, ஹாலைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், அவரைப் பந்தலின் நிழல் முகத்தில் விழத் தூங்குகிற மகளைப் பார்த்தான். அவள் மல்லாந்து, கை இரண்டையும் விரித்து, காலை நீட்டிப் படுத்திருந்தாள். நீட்டிய கால் எதிலும் இடிக்கவில்லை.

"திறங்க அண்ணி" என்றான்.

தண்ணீர் அவசரமில்லாமல் வந்தது. முதலில் நுரையும் சருகும். வாசலுக்குப் பக்கத்தில் ஹாலுக்குள் நுழைந்து, பழைய வாய்க்காலின் தடத்திலேயே போய், நான் காலையில் உட்கார்ந்திருந்த சுவரைக் கரைத்து, சமையலறைக்குள் போனது. தம்பி மனைவி சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றாள். சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு, தண்ணீரில் பால் மாதிரி ஓடியது. யாரும் எதையும் காப்பாற்ற ஓடவில்லை. சாக்குகளை மட்டும் எடுத்தோம். பொடிசு எழுந்து வந்து தண்ணீரில் காலை வைத்து, "நம்ம வீட்டுக்குள்ள ஆறு வருதுப்பா" என்றாள், தூக்கக் கலக்கத்தில், சாதாரண விஷயம் சொல்வது போல.

அவர்கள் பஸ்ஸுக்குப் போனபின் நான் டேப்பைத் துடைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒன்று என்ற எண் விரலுக்கு வந்தது. அப்போதுதான் தாளை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள் மாலை, வேலை சுலபமாகட்டும் என்று, ஒவ்வொரு அளவிலும் அறுந்த அடியை நானே கூட்டி எழுதிவைத்திருந்தேன். பத்துக்குப் பதினொன்று. பன்னிரண்டுக்குப் பதிமூன்று. நான் பதினொன்று என்று படிக்க, தம்பி வழக்கப்படி தானும் ஒன்றைக் கூட்டிப் பன்னிரண்டுவரை இழுத்திருக்கிறான். இரண்டு பேரும் கவனமாக இருந்ததால் வந்த தப்பு. நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒவ்வோர் அறையும் ஓரடி பெரியது. நீளம் முப்பத்து மூன்று. அகலம் இருபத்து நான்கு.

அண்ணி மடையை அடைத்துவிட்டு வந்தாள். தாளைக் காட்டினேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்ப?"

"காலையிலயே. ஆறு அவரை உள்ள போச்சு. என் நிலம் எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"சொல்றதுக்கென்னடி?"

மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைக் காலால் தள்ளினாள். "சொல்லத்தான் வந்தேன். பொடிசு படுத்துக்கிட்டிருந்தா. அளந்து பாத்தேன் கண்ணாலயே. சரியா அளந்திருந்தா, அவ படுத்திருந்த எடத்துல கோடு அவ கால் மேலதான் விழும். எழுப்பி, தள்ளிப் படுடின்னு சொல்ல மனசு வரல." மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீ எழுதறப்ப கூடிப்போன அடியக் குறைச்சிராத. ஆனா தண்ணி. தண்ணி பின்னால ஏறணும். ஏறலன்னா அந்த வீட்டுல உக்காந்து எதைத் திம்பாங்க?"

"அண்ணன் லாரி வருமில்ல?"

"லாரி எங்கேர்ந்து வருதுன்னு நினைச்சே? அங்க ஒருத்தி வரப்புல நிக்கிறா."

அடுத்த இரண்டு நாள் நான் அறையில் உட்கார்ந்து எழுதினேன். என் அறையில் மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். அது எனக்குப் போதுமா என்று கேட்டுப் பார்த்தேன். முதல் தாளைக் கிழித்தேன். இரண்டாவதில் ஆறு மாதம் பொறு என்று எழுதி, அது பொய் என்று தெரிந்து, அதையும் கிழித்தேன். மூன்றாவது இப்படி வந்தது.

அன்புள்ள தம்பிக்கு. ஒன்று: வீடு கட்டச் சம்மதம். முப்பதுக்கு இருபத்திரண்டு அல்ல, முப்பத்து மூன்றுக்கு இருபத்து நான்கு. காரணம் டேப், நேரில் சொல்கிறேன். இரண்டு: முதலில் வாய்க்காலை வீட்டுக்குத் தெற்கே சுற்றி வெட்ட வேண்டும். வெட்டுவது உன் வேலை. அடுத்த முறைத் தண்ணீர் கடைசி வரிசைவரை ஏறுகிறது என்று உன் அண்ணி பார்த்துச் சொன்ன பிறகுதான் அஸ்திவாரம். ஏறவில்லை என்றால் வேறு வழியில் வெட்டு. அதிலும் ஏறவில்லை என்றால் எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை. மூன்று: என் பங்கில் நான் எதுவும் கட்டப்போவதில்லை. அதை அண்ணி பெயருக்கு எழுதுகிறேன். நீயும் அண்ணனும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அண்ணன் லாரியோடு வந்த அன்று, அலுவலக வாசலில், என்ஜினை நிறுத்தாமலேயே படித்தார். மூன்றாவது பத்தியில் நின்றார். "அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"உனக்கு?"

"எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்குண்ணே."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஸ்டீரிங்கின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். என்ஜின் அதிர்வில் கையெழுத்து சின்னச் சின்ன அலையாக விழுந்தது.

ஒரு நாளைக்கு இருநூறு உறை ஒட்டுகிறவள் நான். இந்த ஓர் உறைக்குப் பசை இரண்டு தடவை தடவினேன். அலுவலகப் பையில் போடவில்லை, சொந்தக் கடிதம். தெருமுனைக்குப் போய்ப் பொதுத் தபால் பெட்டியின் வாயில் வைத்தேன். உள்ளே போகவில்லை. வாரம் முழுக்க யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது, பெட்டி வாய்வரை நிறைந்திருந்தது. பாதி உள்ளே, பாதி என் விரலில். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நான் இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினேன். உள்ளே யார் யாருடையதோ கடிதங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. எங்கோ ஓர் இடம் விட்டது. கடிதம் போனது.